கொடி ரம்மி ஆடக் கற்ற செவந்தி

ஒரு மருத மரத்தின் உச்சியில் இரண்டு மலையணில்கள் குடியிருந்தன. கணவன் பெயர் தங்கையா. மனைவி பெயர் செவந்தி.

மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்தக் காட்டில் மழை பிடித்தால் லேசில் விடாது. கிளைகள் வழுக்கும். காய் கனி எல்லாம் அழுகி விழும். வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் இருவரும் கோடை முழுக்க அலைந்து வாதாங்கொட்டை சேர்த்தார்கள். மருத மரத்தின் பெரிய பொந்து நிறைந்துவிட்டது. மொத்தம் அறுநூறு கொட்டை!

"இது போதும். குட்டிகள் பிறந்தாலும் தாங்கும்" என்றாள் செவந்தி. அவள் வயிற்றில் குட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன.

"போதுமா? இன்னும் ஒரு நூறு இருந்தா நல்லது" என்றான் தங்கையா.

அந்த நேரத்தில்தான் மைனா ஒன்று வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூவியது.

"கேளுங்கள்! கேளுங்கள்! வந்துவிட்டது கொடி ரம்மி! உங்கள் மரத்தில் இருந்தபடியே ஆடலாம்! சேர்ந்த உடனே ஐம்பது கொட்டை போனஸ்! நேற்றுச் சேர்ந்த மேற்குமலைக் கேளையாடு இன்று ஆயிரம் கொட்டைக்குச் சொந்தக்காரர்! இது சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு! நீங்கள் திறமைசாலியா?"

பிறகு ஒரே மூச்சில் எதையோ சொன்னது.

"இந்தவிளையாட்டுபழக்கமாகிவிடலாம்கொட்டைநஷ்டமாகலாம்பார்த்துஆடவும்!"

"கடைசியில என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள் செவந்தி.

"யாருக்குத் தெரியும்? ஐம்பது கொட்டை சும்மா தராங்களாம். அது காதுல விழுந்துச்சா?" என்றான் தங்கையா.

கொடி ரம்மியை நடத்தியவன் சுருளி என்ற குரங்கு. குகைப் பாறையில் குடியிருந்தான். மரத்துக்கு மரம் நீளமான கொடிகளை இழுத்துக் கட்டியிருந்தான். கொடியில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். அந்தக் குடுக்கையில்தான் ஆட்டத்துக்கான இலைகள் வரும், போகும். ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. கொடியின் முனையில் காய்ந்த வாகை நெற்று ஒன்று கட்டியிருக்கும். அது கிலுகிலுவென்று ஆடினால் உங்கள் முறை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாளே தங்கையாவின் மரத்துக்கும் கொடி வந்தது. சுருளி நேரில் வந்து முடிச்சுப் போட்டான்.

"ரொம்ப சுலபம் தம்பி! அரசு, ஆல், வேம்பு, புங்கம். நாலு மரத்து இலை. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணுல இருந்து பதிமூணு வரைக்கும் புள்ளி குத்தியிருக்கும். உனக்குப் பதிமூணு இலை வரும். ஒரே மரத்து இலைகளை அடுத்தடுத்த எண்ணா அடுக்கணும். இல்லேன்னா ஒரே எண்ணை வேற வேற மரத்துல சேர்க்கணும். ஒண்ணு எடு, ஒண்ணு போடு. முதல்ல யார் அடுக்கி முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க!"

"யாரோட ஆடணும்?"

"ஆற்றங்கரை நீர்நாய், மேற்குமலைக் கேளையாடு, கிழக்கு வனத்துக் காட்டெருமை. இந்தக் கொடி மூணாப் பிரிஞ்சு அவங்க மூணு பேருக்கும் போகுது. எல்லாம் பெரிய கைகள்! ஆனா உன் மூளைக்கு முன்னாடி அவங்க நிக்க முடியாதுன்னு நினைக்கிறேன்."

தங்கையாவின் வால் ஒரு முழம் நிமிர்ந்தது.

முதலில் பழகுவதற்கான ஆட்டம். பந்தயம் கிடையாது. நான்கு ஆட்டம் ஆடினான். நான்கிலும் ஜெயித்தான்!

"பார்த்தியா செவந்தி! காட்டெருமையையே ஜெயிச்சுட்டேன்! இதுல எனக்கு ஒரு ராசி இருக்கு!"

பிறகு நிஜக் கொட்டை வைத்து ஆடினான். முதல் இரண்டு ஆட்டத்தில் நாற்பது கொட்டை வந்தது. அன்று மாலை கிளை கிளையாகத் தாவி எல்லோரிடமும் சொன்னான். மூன்றாவது ஆட்டத்தில் பத்து போனது. நான்காவதில் இருபது போனது. "இப்ப விட்டா எப்படி? போனதை எடுத்துட்டு நிறுத்திடலாம்" என்று உட்கார்ந்தான்.

போனஸ் ஐம்பதையாவது கையில் வாங்கலாம் என்று கேட்டால், நூறு ஆட்டம் ஆடிய பிறகுதான் எடுக்கலாமாம். அந்தச் சட்டத்தைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் போனது. தங்கையா காய் தேடப் போவதை விட்டுவிட்டான். நெற்றுச் சத்தம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செவந்தி பேசினால் பாதிதான் காதில் விழும். சாப்பாட்டுக்குக் கொட்டை எடுக்க அவள் பொந்துப் பக்கம் போனால், "நீ இரு, நான் எடுத்துத் தரேன். இந்த நேரத்துல நீ குனியக் கூடாது" என்று ஓடி வருவான்.

'என் மேல் எவ்வளவு அக்கறை!' என்று செவந்தி முதலில் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவன் ஆட்டத்தில் மூழ்கியிருந்தான். அவளுக்குப் பசி. அவளே பொந்துக்குப் போனாள். மேலே கொட்டைகள் வழக்கம்போல் பளபளவென்று நிறைந்திருந்தன. இரண்டு எடுத்தாள். மூன்றாவதை எடுக்கக் கையை விட்டபோது சருகு தட்டுப்பட்டது. சருகை விலக்கினாள். அதன் கீழே இன்னும் சருகு. அதற்கும் கீழே வெறும் ஓடு. பொந்து முழுக்கச் சருகும் உடைந்த ஓடும்தான்! மேல் வரிசையில் மட்டும் கொட்டைகளைப் பரப்பி வைத்திருந்தான்.

எண்ணிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று.

"ஏங்க!"

அவள் குரலைக் கேட்டதும் தங்கையாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையிலிருந்த பதின்மூன்று இலைகளும் நழுவிக் காற்றில் பறந்தன.

"செவந்தி... இன்னும் ஒரே ஒரு நல்ல கை வந்தாப் போதும்... எல்லாத்தையும் திருப்பிடுவேன்! சத்தியமா!"

"மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சருகை அடைச்சு வெச்சீங்க?"

அவன் வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். செவந்தி திட்டவில்லை. திட்டும் அளவுக்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. நெடுநேரம் கிளையில் உட்கார்ந்து தொங்கும் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"தோத்தவங்க இருந்தா ஜெயிச்சவங்களும் இருக்கணும் இல்லையா?"

"ஆமா."

"நீங்க தோத்தீங்க. கீழ் வளையில இருக்கிற முள்ளம்பன்றி குத்தாலம் அண்ணன் தோத்ததா அவர் பொண்டாட்டி சொல்லி அழுதா. முயல் வீட்டுலயும் அதே கதை. சரி, அப்ப ஜெயிச்சது யாரு? இந்தக் காட்டுல கொட்டை ஜெயிச்ச ஒருத்தரை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

தங்கையா யோசித்தான். தலையைச் சொறிந்தான். "மைனா சொல்லிச்சே... கேளையாடு..."

"நீங்க பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"இல்லை."

"எனக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்க."

"உனக்கா? எதுக்கு?"

"அறுநூறு கொட்டை எந்த வழியில போச்சுன்னு எனக்குத் தெரியணும். ஆட்டம் தெரியாம அந்த வழி தெரியாது."

மூன்று நாள் இருவரும் உட்கார்ந்து பழகினார்கள். அக்கம்பக்கத்து மரங்களிலிருந்து இலை பறித்து வந்து, பல்லால் புள்ளி குத்தி, இரண்டு கட்டு தயார் செய்தார்கள். பந்தயம் எதுவும் இல்லை. தங்கையா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

"ரெண்டு கட்டு இலையைக் கலந்து ஆடுறோம். அதனால எந்த இலையும் ரெண்டுதான் இருக்கும். அரசு மூணு ரெண்டு. வேம்பு ஒன்பது ரெண்டு. எது வந்துச்சு, எது போச்சுன்னு நினைவு வெச்சுக்கிறதுதான் இதுல திறமை."

"நீங்க நினைவு வெச்சுக்கிட்டீங்களா?"

"முதல்ல வெச்சுக்கிட்டேன். தோக்க ஆரம்பிச்சதும் எங்க நினைவு இருந்துச்சு? அடுத்த ஆட்டம், அடுத்த ஆட்டம்னு மனசு ஓடிச்சு."

செவந்தி ஒரு கோடைக்காலம் முழுக்க எந்த மரத்தில் எந்தக் கிளையில் எத்தனை காய் இருக்கிறது என்று மனத்தில் வைத்திருப்பவள். அவளுக்கு நூற்றுச் சொச்சம் இலை ஒரு பொருட்டா? முதல் நாள் தோற்றாள். இரண்டாம் நாள் சரிக்குச் சரி ஆடினாள். மூன்றாம் நாள் தங்கையா வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றான். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான்காம் நாள் காலையில் செவந்தி நெற்றை ஆட்டினாள். பத்துக் கொட்டைகளைக் குடுக்கையில் போட்டு அனுப்பினாள். பதின்மூன்று இலைகள் வந்தன.

முதல் ஆட்டத்தில் அவளுக்கு ஒரே ஒரு இலை குறைந்தது. எதிராளி முடித்துவிட்டார். பத்துக் கொட்டை போனது. இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே ஆனது. இன்னொரு பத்தும் போனது.

தங்கையா குடுக்கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் செவந்தி! இருபத்து மூணுதான் இருக்கு!"

"இன்னும் ஒண்ணு. ஜெயிக்க இல்லை, பார்க்கத்தான்."

இன்னும் பத்துக் கொட்டையைப் போட்டாள். மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. அவளுக்கு வந்த பதின்மூன்றில் இரண்டு புங்கம் ஏழு இருந்தன. ஒன்றைப் புங்கம் ஆறோடும் எட்டோடும் வைத்தாள். இன்னொன்றை வேம்பு ஏழோடும் ஆலம் ஏழோடும் சேர்த்தாள். நெற்று கிலுகிலுத்தது. முந்தைய எதிராளி போட்ட இலை குடுக்கையில் வந்தது.

எடுத்துப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி பார்த்தாள்.

புங்கம் ஏழு!

"ஏங்க, இங்க வாங்க. இதை எண்ணுங்க."

தங்கையா எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. திரும்பப் புரட்டிப் பார்த்தான். "இது எப்படி? ரெண்டு கட்டுல மூணு புங்கம் ஏழு எப்படி வரும்?"

"வராது" என்றாள் செவந்தி.

நெற்று அவசரமாக ஆடியது. இலையைப் போடச் சொல்லி அழைத்தது. செவந்தி போடவில்லை. மூன்று ஏழுகளையும் சுருட்டி வாலின் மயிருக்குள் செருகிக்கொண்டாள்.

"கொடி எங்க போகுதுன்னு பார்க்கலாம், வாங்க."

இருவரும் கொடியைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவினார்கள். கிழக்கு வனத்துக்குப் போகிறது என்று சுருளி சொன்ன கிளைக்கொடி, கிழக்கே நாற்பது மரம் போனது. அங்கே ஒரு தேக்கைச் சுற்றிவிட்டுப் பின்பக்கமாகத் திரும்பியது! மேற்கே போன கொடியும் ஒரு வாகை மரத்தோடு திரும்பிவிட்டது. ஆற்றங்கரைக் கொடி ஆறு இருக்கும் திசைக்கே போகவில்லை. எல்லாக் கொடிகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. சுருளியின் குகைக்கு!

இருவரும் குகையின் மேல் விரிசல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே சுருளியும் அவனுடைய மச்சான்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே இலைக் குவியல். பக்கத்தில் கூரையைத் தொடும் அளவுக்குக் கொட்டைக் குவியல். காட்டெருமையும் இல்லை. கேளையாடும் இல்லை.

சுருளி ஒரு மச்சானின் தலையில் தட்டினான்.

"ஏண்டா, புங்கம் ஏழை எதுக்குடா போட்ட? அது ரெண்டும் அந்த அணில் கைக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னேனா இல்லையா?"

"குவியல்ல கிடந்துச்சு மச்சான். கைக்கு வந்ததைப் போட்டேன்."

"யார் கைக்கு என்ன போச்சுன்னு பார்த்துப் போடுறது ஒண்ணுதானே உனக்கு வேலை! அதுகூடவா முடியலை?"

தங்கையாவின் உடம்பு முழுக்க ரோமம் குத்திட்டது. அவன் யாரோடும் ஆடவே இல்லை! அவன் கையில் என்ன இலை இருக்கிறது என்று தெரிந்தவர்கள், வேண்டிய இலையைக் குவியலிலிருந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாற்பது கொட்டை ஜெயித்ததும் அவர்கள் கொடுத்ததுதான்.

செவந்தி அவன் காதில் சொன்னாள். "நான் ஆத்துக்குப் போய் நீர்நாயைக் கூட்டிட்டு வரேன். அவங்க பேரைச் சொல்லித்தானே ஏமாத்தினான்? நீங்க இங்கேயே இருங்க. கொட்டையைத் தூக்கிட்டு ஓடாமப் பார்த்துக்கங்க."

அவள் போய்விட்டாள். தங்கையா விரிசலருகே காவல் இருந்தான். ஆனால் அவன் வால் கொஞ்சம் நீளம். அது விரிசலுக்குள் தொங்கியதை அவன் கவனிக்கவில்லை.

"யாரது?" என்று கத்தினான் சுருளி. ஒரே பாய்ச்சலில் மேலே வந்தான். தங்கையாவைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அடுத்த நொடியே சிரித்தான்.

"அட, தங்கையா தம்பி! எல்லாத்தையும் பார்த்துட்டியா? சரி, பரவாயில்லை. புத்திசாலிகளுக்குள்ள என்ன ஒளிவு மறைவு? நீ எவ்வளவு விட்ட? ஐந்நூறு, அறுநூறு இருக்குமா? அறுநூறா எடுத்துக்க. மேல ஒரு நூறும் தரேன். வீட்டுக்குப் போ. பொண்டாட்டி பிள்ளையோட மழையை நிம்மதியா ஓட்டு. நீ எதையும் பார்க்கலை. சரியா?"

தங்கையா விரிசல் வழியே குவியலைப் பார்த்தான்.

எழுநூறு கொட்டை! பொந்து நிறைந்துவிடும். செவந்தியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். குட்டிகள் பசியில்லாமல் வளரும். ஒரு வார்த்தை, "சரி" என்று சொன்னால் போதும்.

"யோசிக்காதே தம்பி! இதைவிட நல்ல கை உனக்கு வரவே வராது!" என்றான் சுருளி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தங்கையாவுக்குச் சட்டென்று உறைத்தது. நல்ல கை வரும், நல்ல கை வரும் என்று சொல்லித்தான் அவன் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தான். இந்த நேரத்திலும் குத்தாலம் அண்ணன் அதே ஆசையில் வளைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். இவன் எழுநூறை வாங்கிக்கொண்டு போனால், அது அவர் வளையிலிருந்தும் முயல் வீட்டிலிருந்தும் வந்த கொட்டையாகத்தான் இருக்கும்.

"வேண்டாம்" என்றான் தங்கையா.

"எண்ணூறு!"

"சுருளி, உன்கூட நான் ஆடுற ஆட்டம் முடிஞ்சுபோச்சு!"

சொல்லிவிட்டுப் பாறை விளிம்புக்குப் பாய்ந்தான். காட்டின் எல்லாக் கொடிகளும் அங்கேதான் ஒரு முளையில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. கடினமான வாதாங்கொட்டை ஓட்டையே உடைக்கிற பற்கள் அவனுடையவை. கொடி எம்மாத்திரம்? நறுக், நறுக், நறுக்! மச்சான்கள் ஓடி வருவதற்குள் பாதிக் கொடிகளைக் கடித்து எறிந்துவிட்டான். மிச்சக் கொடிகள் பாரம் தாங்காமல் தாமாகவே அறுந்தன.

காடு முழுக்கக் குடுக்கைகள் விழுந்தன. டமார்! டமார்! டமார்!

ஆட்டத்தின் நடுவில் இருந்த எல்லா மிருகங்களும் திடுக்கிட்டு எழுந்தன. அறுந்த கொடியைப் பிடித்துக்கொண்டே குகைப் பாறைக்கு ஓடி வந்தன. சத்தம் கேட்டு வீட்டுக்காரிகளும் பின்னாலேயே வந்தார்கள். முன்னால் வந்தவர் முள்ளம்பன்றி குத்தாலம். அவர் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"எவன்டா அறுத்தது? இன்னும் ஒரே இலைதான் வரணும்! ஜெயிக்கப் போற நேரத்துல கெடுத்துட்டானே!"

"எனக்கும் ஒரே இலைதான்!" என்றது முயல்.

"எனக்கும்!" "எனக்கும்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

சுருளி இரண்டு கைகளையும் விரித்தான். "இதோ இவன்தான்! தோத்த வயிற்றெரிச்சல்! தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாதுன்னு அறுத்துட்டான்! உங்க கொட்டையெல்லாம் இவனாலதான் போச்சு!"

கூட்டம் தங்கையாவை நெருக்கியது. அவன் பாறையோடு ஒட்டி நின்றான். ஆனால் ஓடவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. செவந்தி! அவளோடு, உடம்பெல்லாம் நீர் சொட்டச் சொட்ட ஆற்றங்கரை நீர்நாய் பவானி வந்திருந்தாள்.

"குத்தாலம் அண்ணே, நீங்க யாரோட ஆடிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள் செவந்தி.

"வேற யாரு? இந்த நீர்நாயோடதான்! என் இருநூறு கொட்டையை ஜெயிச்சவங்க!"

பவானி கண்ணை அகல விரித்தாள். "நானா? எனக்கு ரம்மியே தெரியாதே! இந்தக் கையைப் பாருங்க. விரலுக்கு விரல் தோல் ஒட்டியிருக்கு. இதுல பதிமூணு இலையை நான் எப்படிப் பிடிப்பேன்? எங்க வீட்டுல மீனைத் தவிர வேற எதையும் தின்ன மாட்டோம். கொட்டையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

கூட்டம் சற்று விலகி வழி விட்டது.

செவந்தி மூன்று புங்கம் ஏழுகளையும் பாறைமேல் வரிசையாக வைத்தாள். "ஆடத் தெரிஞ்சவங்க எல்லாரும் பாருங்க. ஒரே ஆட்டத்துல என் கைக்கு வந்தது. ரெண்டு கட்டு இலையில மூணாவது ஏழு எங்கிருந்து வந்துச்சு? குகைக்குள்ள போய்ப் பாருங்க!"

குத்தாலம் மெதுவாகக் குனிந்து அந்த இலைகளைப் பார்த்தார். ஒருமுறை எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு சுருளியின் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு முள்ளாக நிமிர்ந்தது.

சுருளி பின்வாங்கினான். "அண்ணே, நிதானமா இருங்க... திறமை விளையாட்டு அண்ணே... போனஸ் வேணும்னா..."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே குத்தாலம் ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டினார். சுருளி அலறிக்கொண்டு பாறையிலிருந்து குதித்தான். மச்சான்கள் அவனுக்கு முன்னால் ஓடினார்கள். மூன்று பேரும் ஆற்றைத் தாண்டி, மலையைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்று நாள் அவர்களால் உட்கார முடியவில்லை என்று அந்தப் பக்கத்துப் பறவைகள் சொல்லின.

குகைக்குள் கொட்டைகள் மலையாகக் கிடந்தன. ஆனால் யாரும் முன்னால் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் சரியான கணக்குச் சொல்லாமல் ஆடியவர்கள்தான் எல்லோரும். எவ்வளவு விட்டோம் என்று வாய்திறந்து சொல்ல வெட்கம். முயலின் மனைவி முயலைப் பார்த்தாள். முயல் தரையைப் பார்த்தது.

தங்கையா ஒரு கல்லின் மேல் ஏறினான்.

"ஐந்நூற்று எண்பத்தேழு!" என்று உரக்கச் சொன்னான். "அறுநூறுல ஐந்நூற்று எண்பத்தேழு விட்டேன். என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு பொந்துல சருகை அடைச்சு வெச்சேன். அவ பட்டினி கிடந்திருப்பா. பிறக்கப் போற குட்டிகளும் கிடந்திருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. ஆனா சொல்லாம இருந்ததாலதான் இவ்வளவு தூரம் வந்துச்சு!"

குத்தாலத்தின் முள் ஒவ்வொன்றாகப் படிந்தது. பிறகு குத்தாலம் இருமினார். "எனக்கு இருநூறு இல்லை. முந்நூற்று அறுபது. குறைச்சுச் சொல்லிட்டேன்."

"நூற்றுப் பதினெட்டு" என்றது முயல், மனைவியைப் பார்த்து.

"எனக்குச் சம்பளமாக் கொடுத்த பழத்தையெல்லாம் ஆட்டத்துலயே விட்டுட்டேன்" என்று மைனா கிளை மறைவிலிருந்து முனகியது. அதைக் கேட்டு முதலில் முயல் சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மைனாவும் சிரித்தது.

ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். சொன்னார்கள். எடுத்துக்கொண்டார்கள். யாரும் கூட்டிச் சொல்லவில்லை. மதியத்துக்குள் குவியல் கரைந்துவிட்டது.

கிளம்பும்போது குத்தாலம் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கேக்கவா? ஆட்டம் நல்ல ஆட்டம்தான். நடத்தினவன்தான் திருடன். நாமளே நேர்மையா நடத்தினா என்ன? பந்தயம் வெச்சு?"

சிலர் தலையாட்டினார்கள். முயலின் காதுகூடச் சற்று நிமிர்ந்தது.

செவந்தி சொன்னாள். "தாராளமா ஆடலாம் அண்ணே. பந்தயம் இல்லாம வாங்க, நானே ஆடுறேன். மூணு நாள் நாங்க அப்படித்தான் ஆடினோம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. ஆனா பந்தயம் வெச்சா, நாம போட்டதைத்தானே நாம எடுக்கப் போறோம்? புதுசா ஒரு கொட்டையாவது முளைக்குமா? ஒரு வீட்டுப் பொந்து நிறையணும்னா இன்னொரு வீட்டுப் பொந்து காலியாகணும். எந்த வீடுன்னு நீங்களே சொல்லுங்க. அங்க இருந்து ஆரம்பிக்கலாம்."

குத்தாலம் தன் மனைவியைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். தங்கையாவைப் பார்த்தார். யார் வீட்டையும் அவரால் சொல்ல முடியவில்லை.

"வேண்டாம். வா, கொட்டையைத் தூக்கு" என்றார் மனைவியிடம்.

தங்கையா அன்று மாலை வரை மரத்துக்கும் குகைக்குமாக ஓடினான். செவந்தி ஒரு கொட்டையைக்கூடத் தூக்க அவன் விடவில்லை. பொந்தின் அடியிலிருந்த சருகையும் ஓட்டையும் அள்ளி வெளியே கொட்டினான். கடைசிக் கொட்டையை உள்ளே வைத்தபோது முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது. பிறகு மழை சோவென்று பிடித்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் அந்தப் பொந்தில் இரண்டு குட்டிகள் பிறந்தன. வெளியே காடே நனைந்துகொண்டிருந்தது. உள்ளே நான்கு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

பிறர் இழந்தால்தான் நமக்குக் கிடைக்கும் என்கிற ஆட்டத்தில் பணயம் வைப்பவர், கடைசியில் அந்த ஆட்டத்தை நடத்துகிறவனின் கிடங்கைத்தான் நிரப்புவார்.